பனிக் கடற்காகமும் பிராண்டே அமாவாசையும்

ரயில் இரண்டாகப் பிரியும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள், ஒலிபெருக்கியில், டேனிஷ் மொழியில், நான் தூங்கிக்கொண்டிருந்தபோது. கண்விழித்தால் ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் ஓடிக்கொண்டிருந்தது. கடுகு இனத்துப் பூவாம். வயலா, வெளிச்சமா, இன்னும் தூக்கம்தானா என்று பிரித்தறிய முடியாத மஞ்சள். முன்பெட்டிகள் எங்களைக் கழற்றிவிட்டு வடக்கே போய்விட்டன. பின்பெட்டிகளில் இருந்த நாங்கள் மேற்கே, கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். எதிரே கம்பளி பின்னிக்கொண்டிருந்த மூதாட்டி என் பயணச்சீட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், ஏதோ மரணச் செய்தி சொல்வதுபோன்ற மரியாதையுடன் சொன்னார்:

"நீங்கள் பிழையான பாதியில் இருக்கிறீர்கள்."

அந்த மே மாதம் முழுக்க நான் அப்படித்தான் இருந்தேன்.

ஊரில் போர் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சிகள் சொல்லி ஒரு கிழமை ஆகவில்லை. எங்கள் தம்பி குகன் வன்னியில், கடைசியாகச் சுருங்கிப்போன அந்தக் கடற்கரைத் துண்டில் இருந்தான். சித்திரையில் ஒருமுறை தொலைபேசியில் வந்தான். "இருக்கிறம்" என்றான். அதற்குப் பிறகு சத்தமில்லை. பாரிஸில் நான் ஒரு அறையிலிருந்து மற்ற அறைக்கு நடந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் டென்மார்க்கிலிருந்து அக்கா அழைத்தாள். மங்களம் அக்கா, எங்கள் மூவரில் மூத்தவள்.

"தம்பி, ஒருக்கா வந்திட்டுப் போ. உவள் நிலானி கிறீன்லாந்துக்குப் போகப்போறாளாம். பறவை பாக்க. அங்க போன் வேலை செய்யாதாம். ஒருத்தன் எங்க எண்டு தெரியாமல் இருக்கிறது காணாதே? நீ தாய்மாமன். நீ மறிச்சா நிப்பாள்."

தாய்மாமன் என்பது விசித்திரமான பதவி. பிள்ளைக்குக் காது குத்தும்போது மடியில் வைத்திருப்பது முதல் கல்யாணத்தைக் குழப்புவது வரை அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தைத் தோள்பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டவன், பிழையான பாதியில் உட்கார்ந்து எஸ்பியர் துறைமுகத்தில் போய் இறங்கினேன்.

மேற்குக் கடல் சாம்பல் நிறத்தில் ஒன்றுமே யோசிக்காமல் கிடந்தது. நிலானிக்குத் தொலைபேசினேன். வேறு நிலையத்தில் எனக்காகக் காத்திருந்தவள் சிரித்தாள். "மாமா, அசையாதேங்கோ. காரில வாறன்." அசையாமல் இருக்க ஒரு தள்ளுவண்டியில் சிவப்புச் சொசேஜ் வாங்கினேன். மேலே பொரித்த வெங்காயம், பக்கத்தில் தனியாக ஒரு பாண். சொசேஜையும் பாணையும் ஏன் பிரித்து வைக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கையில், தலைக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் காற்று வந்தது, ஒரு கடற்காகம். என் கையில் பாண் மட்டும் மிஞ்சியது. தள்ளுவண்டிக்காரன் இன்னொரு சொசேஜை நீட்டினான். "முதலாவது எப்போதும் அவர்களுக்கு" என்றான்.

நிலானி வந்தபோது இரண்டாவதையும் பாதி இழந்திருந்தேன். அவளைக் கடைசியாகப் பார்த்தபோது பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கில், சேலையில் அழுதுகொண்டு நின்றாள். இப்போது மழைச்சட்டையும் கழுத்தில் தொலைநோக்கியுமாக, அத்தானின் நெற்றியும் குகனின் நடையுமாக, காற்றுக்குச் சாய்ந்து வந்தாள்.

"இதுகள் ரவுடியள் மாமா. இதுகளுக்காக ஆர் கிறீன்லாந்துக்குப் போறது? நான் பாக்கிறது வேறை."

கார் ஓடிக்கொண்டிருக்க அந்த வேறைப் பறவையைப் பற்றிச் சொன்னாள். அதுவும் ஒரு கடற்காகம்தான். உடம்பு முழுக்க வெள்ளை. கால் கறுப்பு. டேனிஷ்காரர் பனிக்கட்டியின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். வெண்கரடி சீல் என்ற கடல்நாயை அடித்துத் தின்றுவிட்டுப் போன இடத்தில், இரத்தம் தோய்ந்த பனியில் இறங்கி மிச்சத்தைத் தின்னும். குளிர்காலம் வந்தாலும் மற்றப் பறவைகளைப்போல வெயிலைத் தேடிக் கண்டம் தாண்டாது. பனியின் விளிம்பு எங்கே போகிறதோ அந்த விளிம்போடேயே போகும். பனி குறைகிறது. பறவையும் குறைகிறது.

"பாக்க சம்மனசு மாதிரி இருக்கும் மாமா. சாப்பாடு முழுக்க ஊத்தை."

"அப்ப எங்கட ஆக்கள்தான்" என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குள் என் அதிகாரத்தை எடுத்து வைக்க இடம் தெரியவில்லை.

வழியில் ஒரு பாரவண்டி தெருவை நிறைத்துக்கொண்டு மெல்லப் போனது. அதன் முதுகில் ஒரேயொரு காற்றாலைச் செட்டை. ஊரையே மூடிவிடும்போல நீளம், வெள்ளை. முந்த முடியாது. பின்னாலேயே போனோம். வயல் மஞ்சள், செட்டை வெள்ளை, வானம் இன்னும் முடிவெடுக்காத ஒரு நீலம். பகல் முடிய மறந்துபோன நாடு. ஒரு பெரும் பறவையின் இறகைப் பிடித்துக்கொண்டு தாழப் பறப்பதுபோல அக்காவின் ஊரான பிராண்டேக்குள் நுழைந்தோம்.

அந்தச் செட்டைகளைச் செய்கிற வேலைதான் அத்தானுக்கும். தேவராசா அத்தான், கைவிரல்களில் பசை காய்ந்த தழும்புகள், எந்த நேரமும் மன்னிப்புக் கேட்கப் போவதுபோன்ற முகம். வாசலில் என்னைக் கட்டிப்பிடித்தார். அக்கா எழும்பி வரவில்லை. தொலைபேசி இருக்கிற சின்ன மேசைக்குப் பக்கத்தில் கதிரை போட்டிருந்தாள். கையை மட்டும் நீட்டினாள்.

"மெலிஞ்சு போனாய்" என்றாள்.

மூன்று கிழமையாக அவள் வீட்டைவிட்டு இறங்கவில்லை என்று அத்தான் குசினிக்குள் வைத்துச் சொன்னார். கைத்தொலைபேசி சட்டைப்பையில், வீட்டுத் தொலைபேசி பக்கத்தில். குளிக்கப் போனால் அத்தான் அந்தக் கதிரையில் இருக்கவேண்டும்.

"வேலையில ஒரு விசயம் நடந்தது" என்றார் பிறகு, குரலைத் தணித்து. "முடிஞ்சுதெண்டு நியூஸில சொன்னதுக்கு அடுத்த நாள். எங்கட செக்‌ஷன் பெடியள் கேக் வாங்கிக்கொண்டு வந்திட்டாங்கள். 'தேவா, உங்கட நாட்டில சண்டை முடிஞ்சுதாமே, வாழ்த்துகள்!' எண்டு. கேக்கில கொடி வேறை குத்தியிருக்கு. டேனிஷ் கொடி."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"என்ன செய்யிறது? சாப்பிட்டன். நல்ல கேக். ஸ்ரோபெரி. அக்காவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

மறுநாள் சனிக்கிழமை. நிலானி என்னை ஓகூஸுக்குக் கூட்டிப்போனாள். அவள் வேலை செய்கிற பறவை ஆய்வுக்கூடத்தில் பயணத்துக்குச் சாமான் கட்டுகிறார்கள். வியாழக்கிழமை புறப்படவேண்டும். அங்கே வைத்துக் கதைத்துவிடுவது என்று நினைத்திருந்தேன். தெருவில் சைக்கிள்கள் மீன்கூட்டம்போலத் திரும்பின. கடை வாசல்களில் குழந்தைகளைத் தள்ளுவண்டியிலேயே தூங்கவிட்டு உள்ளே கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள் தாய்மார். பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு ஒரு தாய் சிரித்துப் பேசுகிறாள், ஒன்றும் நடக்கப்போவதில்லை என்று முழு உடம்பாலும் நம்புகிறாள். நான் அந்த வண்டிகளைக் கடந்துபோகவே பயந்தேன்.

அவளுடைய பேராசிரியை கிர்ஸ்தன் நரைத்த ஒற்றைப் பின்னலும் ஆண்களின் சப்பாத்துமாக, மரப்பெட்டிகளின் நடுவில் நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவளைத் தடுக்க வந்திருக்கும் மாமா நீங்கள்தானே?"

"ஓம்."

"தடுத்தாயிற்றா?"

"இன்னும் இல்லை."

"அப்படியென்றால் இந்தப் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடியுங்கள்."

பிடித்தேன். கூடாரக் கம்புகள், மண்ணெண்ணெய் அடுப்பு, கரடி வந்தால் சுடுவதற்கு வெடிகள். எந்தப் பயணத்தை நிறுத்த வந்தேனோ அந்தப் பயணத்தின் சுமைகளை நான்தான் மாடிப்படியால் இறக்கினேன். வியர்த்து விறுவிறுத்து நின்றபோது, கூலியாக அந்த அறையைத் திறந்து காட்டினார்கள்.

கற்பூரவாசம் போன்ற ஒரு மணம். சுவர் முழுக்க ஆழமில்லாத இழுப்பறைகள். நிலானி ஒன்றை இழுத்தாள். வெள்ளைப் பறவைகள் முதுகில் படுத்திருந்தன, வரிசையாக. கண் இருந்த இடத்தில் பஞ்சு. கறுப்புக் கால்களில் மண்ணிறமாகிப்போன சீட்டுகள்.

நூறு வருசத்துக்கு மேல் பழையவை. இவற்றைக் கொண்டுவந்தவர்கள் வைத்தியர்கள், பாதிரிகள், படம் கீறத் தெரிந்த மாலுமிகள். கப்பலைப் பனி பிடித்துக்கொண்டால் ஒரு குளிர்காலம், சிலவேளை இன்னொன்றும். பனிவண்டி இழுத்துவந்த நாய்களையே தின்ன வேண்டிவந்தவர்களும் அவர்களில் உண்டு. அந்தப் பசியிலும் ஒரு பறவையைச் சுட்டால், விறைத்த விரலால் சிறகை அளந்து, தோலை உரித்துப் பஞ்சடைத்து, சீட்டில் இடத்தை எழுதியிருக்கிறார்கள்.

"பிறகு உடம்பைத் தின்றிருக்கிறார்கள்" என்றார் கிர்ஸ்தன், சிரிக்காமல். வெளியே போய்விட்டார்.

"இதைப் பிடிச்ச ஆள் திரும்பி வரேல்ல மாமா" என்றாள் நிலானி, ஓரத்தில் கிடந்த ஒன்றைத் தொடாமல் தொட்டு. "கூடப் போன ஆக்கள் பெட்டியைக் கொண்டுவந்திட்டினம். ஆள் எங்க எண்டு இண்டைக்கும் தெரியாது."

இதுதான் தருணம் என்று நினைத்தேன். தொண்டையைச் செருமினேன். தாய்மாமன் பேசுவதற்கு முன்னால் அவள் பேசினாள்.

"சின்னனில குகன் மாமா போன் எடுத்தா, 'இண்டைக்கு என்ன பறவை பாத்தனி?' எண்டுதான் கேப்பார். நான் ஒண்டும் பாத்திருக்க மாட்டன். எனக்கு வெக்கம். சொல்லுறதுக்கு ஒண்டு வேணுமெண்டுதான் ஜன்னலால பாக்கத் தொடங்கினனான்." இழுப்பறையைத் தள்ளி மூடினாள். "வீட்டில அம்மா என்னையும் அந்த போனைப் பாக்கிற மாதிரித்தான் பாக்கிறா. நான் அடிச்சா அவர் கதைப்பார் எண்ட மாதிரி. நான் இஞ்ச இருந்தா அவர் வருவாரோ மாமா? வருவாரெண்டா நான் இருக்கிறன். சொல்லுங்கோ."

வெளியே வந்து, சுருள் சுருளாய் ஏலக்காய் போட்ட பணிஸ் வாங்கித் தந்தாள். தின்றோம். திரும்புகிற வழியெல்லாம் மெல்லிய மழை. கண்ணாடியில் விழுந்த துளிகள் பின்னோக்கி ஊர்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை அமாவாசை. அப்பாவுக்குப் படைக்கிற நாள். மகன் நான் வந்திருப்பதால் காகத்துக்கு நான்தான் சோறு வைக்கவேண்டும். அக்கா விடிய எழும்பி, தொலைபேசியைக் குசினி ஜன்னலில் நிறுத்திவைத்துச் சமைத்தாள். கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, பூசணிக்காய், வடை, பாயாசம். படைக்கிற சாப்பாட்டை ருசி பார்க்கக்கூடாது. நாக்கில் ஒரு துளி விடாமல், கை நினைப்பில் உப்புப் போட்டாள்.

"இண்டைக்குச் சாப்பிட்ட கையோட அவளிட்டைச் சொல்லிப்போடு" என்றாள், என் பக்கம் திரும்பாமல். "போறதில்லை எண்டு. நீ சொல்லு. எனக்கு அவளோட டேனிஷில சண்டைபிடிக்கத் தெரியாது."

"அக்கா..."

"வியாழக்கிழமை போறாளாம், தம்பி. கிழமைக்கு ஒருக்காத்தான் கதைக்கலாமாம், அதுவும் வானம் வெளிச்சிருந்தா. என்னால ரெண்டு பேரைப் பாத்துக்கொண்டு இருக்கேலாது."

அப்பாவின் படத்துக்கு முன்னால் கற்பூரம் காட்டிவிட்டு, வாழையிலைத் துண்டில் சோறு கறியுடன் நான் தோட்டத்துக்கு இறங்கினேன். பின்வேலியில் ஒரு காகம் இருந்தது. சாம்பல் உடம்பும் கறுத்த தலையுமாக, யாழ்ப்பாணத்துக் காகத்துக்குக் குளிர்ச்சட்டை போட்டுவிட்டதுபோல. கூப்பிட்டேன். தலையைச் சரித்தது. அதற்குள் கூரையிலிருந்து ஒரு கடற்காகம், பிறகு இன்னொன்று. அவை கூப்பிட்டு வருகிற சாதியில்லை. செட்டை விரித்து இலையின் நடுவில் நின்றுகொண்டு, வந்த காகத்தை ஒரு கொத்தில் வேலிக்கே திருப்பி அனுப்பின.

"விடுங்கோ மச்சான்" என்றார் அத்தான் வாசலில் நின்று. "உதுவும் பேரில காகந்தானே."

"அப்பா சைவக்காரன் அத்தான். இதுகள் நேற்று நண்டு திண்டிருக்கும்."

"மாமாவின்ர காகம் பாவம், பாத்துக்கொண்டிருக்கு." உள்ளே போனவர் அகப்பையில் சோறு அள்ளி வந்தார். இரக்கம் வந்தால் யோசனை நின்றுவிடுகிற மனிதர். இலையின் மற்றத் தொங்கலில், கடற்காகங்களுக்கு எட்டத்தில், நேர்த்தியாக ஒரு குவியல் வைத்தார். முதலாவதன் அளவே. மேலே ஒரு துண்டு வடை.

அக்கா பாயாசக் கிண்ணத்துடன் படியில் வந்து நின்றாள்.

ஒரு இலை. இரண்டு குவியல்.

"ரெண்டாவது ஆருக்கு?"

அத்தானின் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். அவருக்கு அந்தக் கணம்தான் விளங்கியது.

"இல்லையப்பா, காகம்... உந்த வெள்ளையள் விடுதில்லை, அதுதான் எட்டத்தில..."

"என்ர தம்பிக்குச் சோறு வைச்சியளோ?" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். "ஆர் உங்களுக்குச் சொன்னது? ஆர் போன் எடுத்தது? எனக்குத் தெரியாமல் உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல மங்களம். சத்தியமா ஒருத்தரும் சொல்லேல்ல."

நான் இலையை எடுக்கக் குனிந்தேன். எடுக்க முடியவில்லை. வைத்த சோற்றை எடுத்தால் அது ஒரு பொருள், விட்டால் இன்னொரு பொருள். இரண்டுக்கும் நடுவில் குனிந்தபடி நின்றேன்.

எனக்குப் பின்னால் கால் சத்தம். நிலானி, காலுறையுடன் ஈரப்புல்லில் நடந்து வந்தாள். கடற்காகங்கள் எழும்பி ஒதுங்கின. இலைக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்தாள். வலக்கையால் இரண்டாவது குவியலைக் குழைத்தாள். வாயில் வைத்தாள்.

"எடியே! காகத்தின்ர சோறடி!"

"இல்லையம்மா. இது அப்பா எனக்கு வைச்சது." மென்றுகொண்டே, தமிழிலேயே சொன்னாள். அம்மாவோடு அவள் தமிழில் பேசி நான் கேட்டது அதுதான் முதல்தடவை. இன்னொரு கவளம் எடுத்தாள். வடையையும் கடித்தாள். நாங்கள் மூன்று பேரும் ஒரு பிள்ளை சோறு தின்பதை முன்பின் பார்த்திராதவர்கள்போலப் பார்த்துக்கொண்டு நின்றோம். காற்று நின்றிருந்தது. வேலிக்கப்பால் யாரோ புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்தினார்கள். பருக்கை மிச்சமில்லாமல் வழித்துத் தின்றுவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"அம்மா, உப்புக் கூட."

அக்காவின் வாய் ஏதோ சொல்லத் திறந்தது. அழுகைதான் வரப்போகிறது என்று அத்தான் ஓரடி முன்னால் வைத்தார். வந்தது சிரிப்பு, துருப்பிடித்த கதவு திறப்பதுபோன்ற ஒரு சிரிப்பு, அதற்குப் பின்னாலேயே அழுகை, பிறகு எது எதுவென்று தெரியவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாயாசத்தை நான் வாங்கிக்கொண்டேன்.

"கத்தரிக்காயோ, பருப்போ?" என்று கேட்டாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"எல்லாம்."

"வா. கால் நனைஞ்சிட்டுது. உள்ளுக்கு வா."

மேசையில் எல்லோரும் உப்புக் கூடிய சோற்றைத் தின்றோம். தண்ணீர் குடித்துக் குடித்துத் தின்றோம். சாப்பிட்ட கையோடு நான் சொல்லவேண்டிய சொல் ஒன்று இருந்தது. அத்தான் என்னைப் பார்த்தார். நிலானியும் பார்த்தாள். நான் ஓம், போகட்டும் என்று சொல்லத்தான் நிமிர்ந்தேன். அக்கா என்னைப் பேசவிடவில்லை.

"அங்க என்ன சாப்பாடு?" என்றாள் மகளிடம்.

நிலானி மெல்லச் சொன்னாள், உடையக்கூடிய பொருளைக் கைமாற்றுவதுபோல. "ஓட்ஸ். ரின் மீன். காய்ஞ்ச இறைச்சி, சுடுதண்ணி விட்டா ஊதும். சொக்கலேற்."

"மூண்டு மாசமும்?"

"மூண்டு மாசமும்."

அக்கா கையைக் கழுவிக்கொண்டு எழும்பினாள். அலுமாரியிலிருந்து செத்தல் மிளகாய்ப் பையை எடுத்தாள். மல்லி, மிளகு, சீரகம், வெந்தயம். பெரிய தாச்சியை அடுப்பில் ஏற்றினாள்.

"இப்பவோ?" என்றார் அத்தான். "அமாவாசையும் அதுவுமா? ஜன்னலைத் திறவுங்கோ, ஐயோ, மிளகாயல்லோ..."

ஜன்னலைத் திறந்தும் போதவில்லை. வறுபட்ட மிளகாய் வீடு முழுக்கப் புகுந்தது. எல்லோருக்கும் தும்மல், எல்லோர் கண்ணிலும் நீர். அழுவதற்கு அப்படி ஒரு வசதியான சாட்டு மூன்று கிழமையாக அந்த வீட்டுக்குக் கிடைக்கவில்லை. கூரையில் புகை மணி அலறத் தொடங்கியது. நிலானி கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறினாள். பக்கத்து வீட்டு டேனிஷ் மனிதர் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, தீயா என்று கேட்டார். அத்தான் இருமிக்கொண்டே, தீயில்லை, மகள் ஆர்க்டிக் போகிறாள் என்றார். அந்த மனிதர் மிகவும் விளங்கியதுபோலத் தலையாட்டினார்.

அரைத்து முடித்து, தூளைத் தட்டில் பரப்பினாள் அக்கா. செம்மண் நிறம். இரண்டு தடித்த பைகளை எடுத்து இரண்டிலும் நிரப்பினாள். ஒன்றை நிலானியின் பக்கம் தள்ளினாள். பனிநாட்டுக்கு ஒரு பை காணும்தான். மற்றது எதற்கென்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள், கையிலிருந்த தூளைத் தட்டிக்கொண்டு.

"உது குகனுக்கு. எப்ப வாறானோ. வந்தானெண்டா இந்த நாட்டுச் சாப்பாடு அவனுக்கு இறங்காது."

நிலானி தன் பையைக் கட்டப்போனாள்.

"கட்டாதை" என்றாள் அக்கா. "சூட்டோட கட்டினாப் பழுதாப் போகும். ஆறட்டும்."

இரண்டு பைகளும் வாய் திறந்தபடி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஜன்னலால் வந்த காற்றில் ஆறிக்கொண்டிருந்தன.